அன்றாட வாழ்வில் சைவ சித்தாந்தம்

சைவ சித்தாந்தம் என்றதும் அது படித்த பெரியோருக்கும் சமய பாட ஆசிரியர்களுக்கும் மட்டுமே உரியதெனக் கிராமத்து அடியார்கள் பலர் எண்ணி ஒதுங்கிக் கொள்வதுண்டு. சாதாரண தரப் பரீட்சைக்காகப் பதி, பசு, பாசம் என்று மனனஞ் செய்த பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறும்போதே அதனையும் அங்கேயே விட்டுவிட்டு வருகின்றனர். திருவிழாக் காலத்தில் சொற்பொழிவாளர் மும்மலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் சனங்கள் மெல்ல எழுந்து கச்சான் கடைப் பக்கம் நகர்வதையும் காணலாம். குற்றம் சனங்களுடையது மட்டுமல்ல. வயலுக்கும் வீட்டுக்கும் உதவாத பொருள்போல அதனை எடுத்துச் சொல்வோரும் உளர்.

உண்மையில் இத்தத்துவத்தை வகுத்த ஆசிரியர்கள் தமது உவமைகளைத் தேடி வெகுதூரம் சென்றவர்கள் அல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே கொண்ட மிகச் சிறிய நூல். அதன் வழியில் அவரது மாணவர் அருணந்தி சிவாச்சாரியாரும் பின்வந்தோரும் செய்த நூல்களையுஞ் சேர்த்து மெய்கண்ட சாத்திரங்கள் 14 என்பர். இந்நூல்களில் வரும் உவமைகளைப் பார்த்தால் செம்பும் அதிற் பிடித்த களிம்பும், கடல்நீரும் உப்பும், பளிங்கும் அதனருகே வைத்த பொருளின் நிறமும், காந்தமும் இரும்பும் என்று எல்லாமே கையெட்டும் தூரத்தில் உள்ளவை. இவற்றுள் வாழைச்சேனை, ஓட்டமாவடி, கிரான், சித்தாண்டிப் பகுதி மக்களுக்கு ஒருவரும் விளக்கவேண்டாத உவமை ஒன்றுண்டு. அது நெல்.

நெல்லுக்கு உமியும் தவிடும் முளையும் எப்படியோ, உயிருக்கு மும்மலங்கள் அப்படி என்பது சித்தாந்தம். நெல் விளைந்த பின்னர் எவரும் வந்து அதற்கு உமியைப் போர்த்துவதில்லை. கதிரில் பால் பிடிக்கும்போதே உமியும் கூடவே இருக்கிறது. ஆணவம் முதலிய மலங்களும் உயிரோடு அவ்வாறே தொடக்கமில்லாத காலந்தொட்டு இருப்பவை. எனவே ஒருவனிடம் அகங்காரத்தைக் கண்டு ஆச்சரியப்படவோ, தன்னிடத்தே கண்டு மனமொடிந்து போகவோ தேவையில்லை. உமி உள்ள நெல்லைக் கெட்ட நெல் என்று எந்தக் கமக்காரனும் வீசுவதில்லையே. அதேவேளை உமியோடு யாரும் சோறாக்குவதும் இல்லை. உரலிலிட்டுக் குற்றவேண்டும், புடைக்கவேண்டும். அவ்வாறு குற்றிய அரிசி திரும்ப முளைப்பதில்லை. பிறவி நீங்குதல் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் ஒன்றைச் சொல்வது கடினம்.

இந்த ஆணவ மலத்தைப் பார்க்க வேறெங்கும் போகவேண்டியதில்லை, ஆலயத்துக்குள்ளேயே பார்க்கலாம். மட்டக்களப்புக் கோயில்களில் குடிமுறையும் வரிசையும் முன்னோர் வகுத்து வைத்த ஒழுங்கு. யார் எந்தப் பணியைச் செய்வது என்ற சச்சரவு எழாதிருப்பதற்காகவே அவ்வொழுங்கு வந்தது. ஆனால் காளாஞ்சி முதலில் யாருக்கு, திருவிழா விஞ்ஞாபனத்தில் யாருடைய பெயர் மேலே, நன்றியுரையில் எவருடைய பெயர் விடுபட்டது என்ற கணக்குகளால் ஆண்டுக்கணக்காகக் கோயில் வாசலை மிதிக்காத குடும்பங்கள் அனேகமாக எல்லா ஊர்களிலும் உண்டு. பெயர் விடுபட்டது அச்சகத்தின் பிழையாகவும் இருக்கலாம். கூட்டக் குறிப்பை எழுதியவரின் பிழையாகவும் இருக்கலாம். அம்பாளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இருந்தும் கோபம் அம்பாள் மேலேயே போய் முடிகிறது. ஆணவத்தின் இயல்பு இருள் போன்றது என்று ஆசிரியர்கள் கூறினார்கள். இன்னும் ஒரு நுட்பத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். இருள் மற்றப் பொருட்களை மறைக்கும். ஆனால் தன்னை மறைக்காது, இருட்டாக இருக்கிறதென்பதாவது தெரியும். ஆணவமோ பொருட்களையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். அதனாற்றான் சண்டையிடும் இரு பகுதியாரும் தமக்கு அகங்காரமே இல்லை, நியாயத்துக்காகவே நிற்பதாக மனப்பூர்வமாக நம்புகின்றனர். ஒரு கூட்டத்தில் தன்னுடைய குரல் ஓங்கும்போது இதை நினைத்துக்கொள்ளும் ஒருவர் இருந்தாலே போதும், அந்தக் கூட்டம் நேரத்துக்கு முடிந்துவிடும்.

அடுத்தது கன்மம். இது பற்றியே மக்களிடையே மயக்கம் மிகுதி. வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பிரிப்பர். சொற்கள் கரடுமுரடானவை என்றாலும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து இடர்கடன் எடுத்த எவருக்கும் பொருள் உடனே விளங்கும். எடுத்த கடனின் முழு நிலுவை சஞ்சிதம். அதில் இந்த மாதச் சம்பளத்தில் கழிபடுவது பிராரத்தம். கழிவு போய்க்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒரு கடனுக்கு விண்ணப்பம் எழுதுவது ஆகாமியம். இந்த மாதக் கழிவை நிறுத்த முடியாது. அது பட்டியலில் ஏறிவிட்டது. நிலுவை முழுவதையும் ஒரே நாளில் தீர்க்கும் வல்லமையும் கடனாளிக்கு இல்லை. தீட்சையின்போது குருவின் அருளால் சஞ்சிதம் எரிந்துபோகும் என்று சாத்திரம் கூறும். ஆனால் புதிய விண்ணப்பத்தில் கையொப்பம் இடுவதும் இடாததும் முழுக்க முழுக்க அவன் கையிலேயே உள்ளது.

இதை உணராது எல்லாவற்றையும் விதி என்று சொல்லிக் கைகட்டி இருப்பது சித்தாந்தமன்று. கால் போகத்தில் தண்ணீர் குறைந்து பயிர் வாடியது பிராரத்தமாக இருக்கட்டும். அதற்காக இரவோடிரவாக மேல்வயற்காரனின் வரம்பை வெட்டித் தண்ணீர் எடுப்பது ஆகாமியம். அதைச் செய்துவிட்டு, மறுநாள் வட்டவிதானை விசாரிக்க வரும்போது எல்லாம் அவன் செயல் என்று வானத்தைக் காட்டுவதில் பயனில்லை. நுண்கடன் கம்பெனிகள் கிராமங்களுக்குள் நுழைந்த பிறகு, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது கடன் என்று சிக்குண்ட பெண்கள் மட்டக்களப்பு மாவட்டத்திற் பலர். அவர்களைக் குறைகூறுவதற்கு இதை எழுதவேண்டியதில்லை. வறுமையும் யுத்தமும் விதவைத் துயரும் அவர்களை அங்கே தள்ளின. எனினும் வந்த துன்பம் எது, அதற்கு மேல் கையொப்பமிட்டு வாங்கும் துன்பம் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஒரு குடும்பத்தில் இருக்குமாயின் மூன்றாவது கடனுக்கு முன்னராவது யாரிடமாவது யோசனை கேட்கத் தோன்றும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். பிறர் துன்பத்துக்கு வினைக்கணக்குப் பார்க்கும் உரிமை எவருக்கும் கிடையாது. மரண வீட்டுக்குப் போய், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னே அமர்ந்து, எல்லாம் முற்பிறப்பில் செய்தது என்று உபதேசிக்கும் பெரியவர்களை எல்லா ஊரிலும் காணலாம். கண்ணீர் விட்டு அழ விடுவதே அவ்வேளைக்குரிய தருமம். துன்பத்தைத் தந்து திருத்தும் இறைவனின் அருளை மறக்கருணை என்பர். அந்தச் சொல்லை ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது மருந்து. அடுத்தவனுக்குச் சொன்னால் புண்ணிற் குத்திய கோல். தத்துவம் படித்தோர் பலரிடம் ஊர் மக்கள் ஒதுங்கிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சித்தாந்தத்தைச் சூத்திரமாகக் கற்காமலே வாழ்ந்து காட்டியோரை அறியப் பெரியபுராணம் இருக்கிறது. அறுபத்து மூவரிலே மண்பாண்டம் வனைந்தவர், ஆடை வெளுத்தவர், வலை வீசியவர், எண்ணெய் விற்றவர் எல்லோரும் உளர். வயல் செய்யும் மக்கள் இளையான்குடிமாற நாயனாரின் கதையைத் தமது கண்ணாலே மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும். செல்வமெல்லாம் போய், கடன் வாங்கவும் வழியற்ற நிலையில், மழை கொட்டும் இரவில் அடியார் ஒருவர் வாசலுக்கு வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த முளை நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்று வழிகூறியவர் மனைவியார். நாயனார் கூடையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு இருளில் வயலுக்குப் போய், காலாலும் கையாலும் தடவி, மழைவெள்ளத்தில் மிதந்த முளைகளை வாரி வருகிறார். விறகுக்குக் கூரை வரிச்சு; கறிக்குக் குழியிலே முளைத்த கீரை. நகரத்தார் இதை விருந்தோம்பலின் சிறப்பு என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் விதைத்த நெல்லைத் திரும்ப அள்ளுவதென்றால் என்னவென்று ஒரு கமக்காரக் குடும்பத்துக்குத்தான் தெரியும். அது அந்தப் போகம் முழுவதையும், அடுத்த ஆறு மாதச் சோற்றையும் சேர்த்து அள்ளுவது. ‘எனது’ என்ற பாசக் கயிறு அறுபடும் ஓசையை அந்த இரவில் கேட்கலாம். அதைவிட முக்கியமாக, அந்த யோசனையைச் சொன்ன அம்மையாரின் பெயரைப் புராணம் தரவில்லை. வீட்டுத் தத்துவத்தை நடத்துபவர்களின் பெயர் எப்போதும் விஞ்ஞாபனத்தில் வருவதில்லை.

எல்லோராலும் அது இயலாது. இயலவேண்டும் என்று சாத்திரமும் கேட்கவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படிகளை வைத்தது அதற்காகவே. கோயில் வளவைக் கூட்டுவது சரியை. திருநாவுக்கரசு சுவாமிகள் கையில் உழவாரத்தோடு ஊர் ஊராகத் திரிந்து புல் செதுக்கியவர். பூ எடுக்கின்றவர், மடப்பள்ளிக்குத் தண்ணீர் சுமக்கின்றவர், திருவிழா முடிந்த மறுநாட் காலையில் எவரும் பார்க்காத நேரத்தில் கச்சான் கோதும் கடதாசியும் கூட்டுகின்றவர் எல்லோரும் முதற்படியில் உறுதியாக நிற்பவர்கள்.

நன்மை வந்தபோது துள்ளாமலும் தீமை வந்தபோது துவளாமலும் இரண்டையும் ஒன்றுபோல ஏற்கும் மனநிலையை இருவினையொப்பு என்பர். இதுவும் ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. சிறு அளவில் எல்லோருக்கும் பழக்கத்தில் உள்ளதே. முன்னர் ஓட்டமாவடியில் புகையிரதத்துக்கும் வாகனங்களுக்கும் ஒரே இரும்புப் பாலம்தான். புகையிரதம் வரும் நேரமானால் லொறிக்காரரும், மோட்டார் சைக்கிள்காரரும், மீன் பெட்டி கட்டிய துவிச்சக்கர வண்டிக்காரரும், உத்தியோகத்தரும் ஒரே வரிசையிற் காத்து நின்றார்கள். ஹோன் அடித்துப் புகையிரதத்தை விரைவுபடுத்தியவர் எவருமில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் பொறுமையை இழந்து திட்டிக்கொண்டு நின்றவரும், வாவியிற் கொக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவரும் ஒரே நேரத்திற்றான் அக்கரை சேர்ந்தனர்.

பெரிய அளவிலும் இப்பகுதி மக்கள் இதைக் கற்றிருக்கிறார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியில் ஓரிரவுக்குள் தென்னந்தோப்புகள் படுத்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் ஊருக்குள் வந்தது. இடையிலும் பின்னரும் நீண்ட யுத்தம். தோப்பைக் கொடுத்தவன், முறிந்த மரங்களுக்கிடையே மறுபடியும் தென்னம்பிள்ளை நட்டான். அம்மரம் காய்க்கும்போது தான் இருப்பேனா என்று கணக்குப் பார்க்கவில்லை. அவனைக் கேட்டால் இருவினையொப்பு என்ற சொல்லே தெரியாதென்பான்.

பிற நாட்டாரும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். உரோமாபுரிப் பேரரசில் எபிக்டீடஸ் என்பவர் அடிமையாக இருந்தவர், கால் ஊனமுற்றவர். தன் கையில் உள்ளவை எவை, இல்லாதவை எவை என்று பிரித்தறிவதே தத்துவத்தின் முதற்பாடம் என்று கற்பித்தார். அவரது போதனையைப் பின்பற்றியவர்களுள் ஒருவர் மார்க்கஸ் ஒரேலியஸ் என்ற சக்கரவர்த்தி. அவருடைய ஆட்சியிலே கொடிய கொள்ளைநோய் பரவியது, யுத்தமும் ஓயவில்லை. பாசறையில் இருந்தபடியே தனக்கெனச் சில குறிப்புகளை எழுதி வைத்தார். அடிமைக்கும் அரசனுக்கும் ஒரே பாடம் உதவியிருக்கிறது.

அவ்வளவு தூரம் போகாமலே, மட்டக்களப்பு மண்ணின் உதாரணம் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் விஞ்ஞானப் பட்டதாரி, பாடசாலை அதிபர். 1924இல் துறவு பூண்டு இராமகிருஷ்ண சங்கத்திற் சேர்ந்தவர். துறவி என்றதும் மலைக்குகையை நினைப்போர்க்கு அவருடைய வாழ்க்கை ஓர் அதிர்ச்சி. துறவின் பின்னரே அவர் அதிகமாக வேலை செய்தார். பாடசாலைகளுக்குக் கட்டடம், ஆசிரியர், பணம் என்று அலைந்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். யாழ்நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவரது சமாதி அந்தப் பாடசாலை வளவிலேயே உள்ளது. அவர் வேதாந்த மரபில் வந்தவர் ஆயிற்றே, சித்தாந்தக் கட்டுரையில் என்ன வேலை என்று கேட்போரும் இருப்பர். ஏழைப் பிள்ளைக்கு எழுத்தறிவித்த தத்துவத்துக்கு எந்தப் பெயரிட்டால் என்ன?

இனி, தத்துவம் சோதிக்கப்பட்ட ஓரிடம் மிக அருகிலேயே உள்ளது. ஓட்டமாவடியைச் சேர்ந்த மஜ்மா நகர்.

கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் நோயால் இறந்தோர் அனைவரையும் தகனம் செய்யவேண்டும் என 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டது. உரிய பாதுகாப்புடன் அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அக்கட்டளை பத்து மாதங்களுக்கு மேல் நீடித்தது. இஸ்லாமிய சகோதரர்களுக்கு அது சொல்லொணாத வேதனை. இந்துக்களுக்கு அதில் வருத்தமில்லை என்று வெளியூரார் எண்ணினர், அது சரியன்று. மட்டக்களப்புப் பகுதிச் சைவர்களிடையே புதைக்கும் வழக்கமும் பரம்பரையாக உண்டு. எரிப்போராயினும் முகம் பார்த்து, நீராட்டி, சுண்ணம் இடித்து, வாய்க்கரிசி இட்டு அனுப்புவதே முறை. வைத்தியசாலையிலிருந்து மூடிய பெட்டியாகச் சென்றவர்களுக்கு இவற்றுள் எதுவும் நடக்கவில்லை.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் 5ஆம் திகதி முதல் நாடெங்கிலுமிருந்து சடலங்கள் ஓட்டமாவடிக்கு வந்தன. கொழும்பிலிருந்து வந்தாலும் காலியிலிருந்து வந்தாலும் அடக்கம் இந்த ஓரிடத்திலேயே. ஓராண்டு கழிந்து, 2022 மார்ச்சில் வேறிடங்களிலும் அடக்கலாம் என்ற நிலை வரும்வரையில் 3,600க்கு மேற்பட்டோர் இங்கு அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். ஆயினும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும், இருநூறுக்கும் மேற்பட்ட இந்துக்களும் அதே மண்ணில் உள்ளனர். இராணுவத்தினரும் சுகாதாரப் பகுதியினரும் பிரதேச சபையினரும் அப்பணியைச் செய்தனர். தமக்கும் தொற்றக்கூடும் என்று தெரிந்தே, இன்ன மதம் என்று பாராமல் குழி தோண்டிய ஊழியர்கள் அவர்களுள் இருந்தனர். கட்டாயத் தகனத்துக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்து போனவர்களின் வீட்டாருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பது அவர்களுக்கே தெரியும்.

கிரியை தவறிய குடும்பங்களில் அக்காலத்தில் எழுந்த கேள்வி ஒன்றே. வாய்க்கரிசி இடாமற் போன உயிர் எங்கே போய் நிற்கும்? எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாளும் ஒழுங்காகச் செய்ய முடியாதே, ஆத்மா அலையுமா? இந்தக் கேள்வியோடு பெண்கள் இரவிரவாக நித்திரையின்றி இருந்த வீடுகள் உண்டு. இவ்விடத்தில்தான் பரீட்சைக்குப் படித்த பதி, பசு, பாசம் உதவிக்கு வருகிறது. உடம்பு மாயையின் காரியம். வினையை அனுபவித்துத் தீர்ப்பதற்கு உயிருக்கு இறைவன் கொடுத்த கருவி. கருவியை இகழ்வதில்லை. இரவல் வாங்கிய மண்வெட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதுபோல அதனை மரியாதையுடன் ஒப்படைக்கவே கிரியைகள் உள்ளன. எனவே அம்மரியாதை மறுக்கப்பட்டது அநியாயமே. வருந்தாதே என்று எவரும் சொல்லக்கூடாது. ஆனால் உயிர் அந்த உடம்பில் இல்லை. அது அறிவுடைய பொருள். அநாதியாகவே இறைவனைப் பிரியாமல் இருப்பது. கூலிக்கு நின்ற யாரோ ஒருவர் முகக்கவசத்தோடு குழிக்குள் இறக்கியதனால் இறைவன் அந்த உயிரைத் தவறவிட்டு விடுவான் என்று நினைப்பது இறைவனைச் சிறுமைப்படுத்துவது. குழந்தையைச் சனத்திரளில் தொலைத்தவர்கள் நாம், அவனல்லன்.

இதைப் புரிந்துகொண்ட வீட்டில் அழுகை நின்றுவிடவில்லை. பயம் நின்றது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கும் விரதம் இருப்பது மரபு. ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தக் குளத்தடியில் விடியற்காலந்தொட்டே சனம் நிறைந்து விடும். எள்ளும் தர்ப்பையும் வைத்துக்கொண்டு குருக்கள் ஒவ்வொருவராக அழைப்பார். இறந்தவருடைய பெயரையும், அவருடைய தகப்பன், பாட்டன் பெயரையும் கேட்பார். உடல் எரிந்ததா, அடக்கமா, எந்த ஊரில் என்று அவர் கேட்பதில்லை.